கடைக்காரர் போட்ட கோடு

2018 செப்டம்பரில் நாஷ்வில் நகரின் ரைமன் அரங்கத்தில் அமெரிக்கானா இசை விருது விழா நடந்தது. வளர்ந்துவரும் கலைஞருக்கான விருதை வாங்க மேடையேறினார் டைலர் சில்டர்ஸ். கென்டக்கி மலைப்பக்கத்துக்காரர், அப்போது 27 வயது. நாலு பேருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். அவர் சொன்னது வேறு. நான் கன்ட்ரி பாடகன்; எங்களை அமெரிக்கானா என்று தனியாகப் பிரித்து உட்காரவைத்தால், கன்ட்ரி இசையில் இருக்கிற கோளாறைப் பற்றி யாரும் பேசாமலே போய்விடுவார்கள் என்ற பொருளில் பேசிவிட்டுப் போனார். பந்தியில் உட்கார்ந்துகொண்டே சமையலைக் குறை சொல்வது மாதிரிதான். ஆனால் குறை நியாயமானது.

அமெரிக்கானா என்றால் என்ன என்று யாரைக் கேட்டாலும் பதில் ஒரு பட்டியலாகத்தான் வரும். கன்ட்ரி, நாட்டுப்பாடல், புளூஸ், புளூகிராஸ், தேவாலயப் பாட்டு, சோல், கொஞ்சம் ராக். ஒரு ராகத்துக்கு ஆரோகணம் அவரோகணம் சொல்கிற மாதிரி இதற்கு இலக்கணம் சொல்ல முடியாது. கட்டாயமான தாளம் கிடையாது, கட்டாயமான வாத்தியமும் கிடையாது. காரணம் எளிது. இது ஓர் இசையின் பெயர் இல்லை. கடையில் இசைத்தட்டுகளை அடுக்கி வைக்கிற அலமாரியின் பெயர். அந்த அலமாரியை யார் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள் என்று தெரிந்துகொண்டால்தான் இன்றைக்கு வருகிற ஆல்பங்களும் விழாக்களும் எதைப் பற்றிச் சண்டை போடுகின்றன என்பது பிடிபடும்.

அடுக்கும் வேலை தொடங்கியது 1920களில், அதுவும் மரச்சாமான் கடைகளில். அன்றைக்கு கிராமபோன் என்பது கூடத்தில் வைக்கிற ஒரு மரப்பெட்டி. கட்டில், மேசையோடு சேர்த்துத்தான் விற்பார்கள். பெட்டியை விற்றவரே அதில் போடும் தட்டையும் விற்றார். அட்லாண்டாவில் போல்க் பிராக்மன் அப்படிப்பட்ட வியாபாரி. 1923இல் ஓக்கே என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ரால்ஃப் பியர் பதிவுக் கருவிகளோடு அட்லாண்டாவுக்கு வந்தபோது, ஃபிடில், அதாவது நாட்டுப்புற வயலின், வாசிக்கும் ஜான் கார்சன் என்ற உள்ளூர்க்காரரைப் பதிவு செய்யச் சொல்லி வற்புறுத்தியவர் இவர்தான். பியருக்கு அந்தப் பாட்டு காது கொடுத்துக் கேட்க முடியாததாக இருந்தது. பிராக்மனோ, எனக்கு 500 தட்டு போட்டுக் கொடுங்கள், நான் விற்றுக்கொள்கிறேன் என்றார். வந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்தது. தன் ஊர்க் குரலைத் தட்டில் கேட்கக் காசு கொடுக்க ஆள் இருக்கிறது என்று பியர் அங்கே கற்றுக்கொண்டார்.

இதே ஓக்கே நிறுவனம் அதற்கு மூன்று வருடம் முன்பு, 1920இல், மேமி ஸ்மித் பாடிய புளூஸ் தட்டை வெளியிட்டு, கறுப்பின மக்களும் தட்டு வாங்குவார்கள் என்று கண்டுபிடித்திருந்தது. ஆக, வியாபாரிகளின் கணக்கில் இரண்டு சந்தைகள். கறுப்பர்களுக்கு விற்பது ‘ரேஸ்’, அதாவது ‘இனம்’ என்று பெயரிட்ட தட்டு, தெற்கு மாநிலங்களின் வெள்ளைக்கார ஏழைகளுக்கு விற்பது வேறு தட்டு. கொலம்பியா நிறுவனம் முன்னதற்கு 14000இல் தொடங்கும் எண்களையும் பின்னதற்கு 15000இல் தொடங்கும் எண்களையும் கொடுத்தது. பின்னதற்கு ‘ஹில்பில்லி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்ட கதை வேடிக்கையானது. 1925இல் ஒரு குழு பதிவுக்கு வந்தது. உங்கள் குழுவுக்கு என்ன பெயர் என்று பியர் கேட்டார். நாங்கள் வெறும் ஹில்பில்லிகள், அதாவது மலைக்காட்டான்கள், எதையாவது போட்டுக்கொள்ளுங்கள் என்றார் குழுவின் தலைவர் அல் ஹாப்கின்ஸ். பியர் அதையே பெயராக எழுதிக்கொண்டார்.

வாங்குகிறவர்கள் இரண்டு தரப்பு என்று கடைக்காரர் நினைத்தார், சரி. வாசிக்கிறவர்கள் அப்படிப் பிரிந்து இருக்கவில்லை. தெற்கில் ஃபிடிலும் பாஞ்சோவும் வைத்துக்கொண்டு நடனத்துக்கு வாசித்த கறுப்பினக் குழுக்கள் ஊருக்கு ஊர் இருந்தன. அவர்களிடம் தட்டு நிறுவனங்கள் கேட்டதெல்லாம் புளூஸ்தான். ஃபிடில் வாசிப்பது இன்னொரு அலமாரிக்கு உரியது. அதனால் அவர்களுடைய ஃபிடில் இசை பெரும்பாலும் பதிவாகவே இல்லை. பதிவாகாதது, இரண்டு தலைமுறை கழிந்ததும், இல்லவே இல்லாதது போல ஆகிவிட்டது.

பாஞ்சோவின் கதையே இதற்கு நல்ல சாட்சி. இன்றைக்கும் பலருக்கு பாஞ்சோ என்றால் மலையோரத்து வெள்ளைக்காரர் திண்ணையில் உட்கார்ந்து வாசிப்பதுதான் கண்ணுக்குள் வரும். அதன் வேர் மேற்கு ஆப்பிரிக்கா. சுரைக்குடுக்கையில் தோல் இழுத்துக் கட்டி, கம்பைச் சொருகி, தந்தி பூட்டிய வாத்தியங்கள் அங்கே பல உண்டு. செனகல், காம்பியா பகுதியின் ஜோலா மக்கள் வாசிக்கும் அகொந்திங் அவற்றில் ஒன்று. அடிமைகளாகப் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள் கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் அந்த நினைவில் புது வாத்தியம் செய்துகொண்டார்கள். பாஞ்சோவில் கவனிக்க வேண்டியது அந்தக் குட்டைத் தந்தி. மற்ற தந்திகள் போல் தலைப்பகுதி வரை போகாமல் பாதியிலேயே நின்றுவிடும். அதை விரல் வைத்து அமுக்குவதில்லை. கட்டைவிரல் பட்டதும் ஒரே சுரம் திரும்பத் திரும்ப ஒலிக்கும். தம்புராவில் பழகிய காதுக்கு இது உடனே புரியும்: மெட்டு ஓட ஓட, கூடவே சுருதி விடாமல் நிற்கிறது.

1830களில் வெள்ளைக்காரரான ஜோயல் ஸ்வீனி முகத்தில் கரி பூசிக்கொண்டு மேடையில் பாஞ்சோ வாசித்துப் பெயர் வாங்கினார். குட்டைத் தந்தியைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்று பிற்பாடு ஒரு கதை கட்டினார்கள். ஆனால் தென் கரோலினாவில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வரையப்பட்ட ஒரு நீர்வண்ண ஓவியத்தில், அடிமை ஒருவர் மடியில் வைத்திருக்கும் சுரைக்குடுக்கை பாஞ்சோவில் அந்தக் குட்டைத் தந்தி தெளிவாக இருக்கிறது. ஸ்வீனி அப்போது பிறக்கவே இல்லை.

அடுத்தது பிரிஸ்டல். டென்னசி, வர்ஜீனியா என்ற இரண்டு மாநிலங்களின் எல்லைக்கோடு இந்த ஊரின் கடைத்தெரு நடுவிலேயே ஓடுகிறது. தெருவின் ஒரு பக்கம் ஒரு மாநிலம், எதிர்ப்பக்கம் இன்னொன்று. 1927 ஜூலைக் கடைசியில், இப்போது விக்டர் நிறுவனத்துக்காக, பியர் அந்தத் தெருவில் ஒரு தொப்பி நிறுவனத்தின் கட்டடத்தில் கருவிகளை இறக்கினார். பாட்டுக்கு 50 டாலர். பன்னிரண்டு நாளில் 19 குழுக்கள், 76 பாட்டுகள். வந்தவர்களில் கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராஜர்ஸும் உண்டு. கன்ட்ரி இசை பிறந்த இடம் இது என்று 1998இல் அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானமே போட்டது. பிறந்தது என்பது மிகை. ஏற்கெனவே வளர்ந்து நின்ற பிள்ளைக்கு அங்கே பிறப்புச் சான்றிதழ் எழுதினார்கள், அவ்வளவுதான்.

எழுதியதில் ஒரு சூட்சுமம் உண்டு. பியர் விக்டரிடம் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பாட்டுகளின் பதிப்புரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டார். அதனால் அவருக்கு வேண்டியது வேறு யாரும் உரிமை கோராத பாட்டுகள். கார்ட்டர் குடும்பத்துத் தலைவர் ஏ. பி. கார்ட்டர் ஊர் ஊராகப் போய்ப் பழைய பாட்டுகளைத் திரட்டி, சீர்செய்து, தன் பெயரில் பதிவு செய்ததற்கு இதுவே காரணம். அந்தப் பயணங்களில் பலமுறை அவரோடு போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பின கிதார் கலைஞர். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். கேட்ட இடத்தில் கார்ட்டர் வார்த்தையை எழுதிக்கொள்வார், மெட்டை ரிடில் மனதில் வாங்கிக்கொள்வார். கார்ட்டர் குடும்பத்து மேபெலின் கிதார் வாசிப்பிலும் அவருடைய பாதிப்பு உண்டு. தட்டுகளில் ரிடிலின் பெயர் வரவில்லை. 1965இல் இசை ஆய்வாளர் மைக் சீகர் அவரைத் தேடிப்போய்ப் பதிவு செய்தபோது, அவர் கிதார் வாசிப்பதையே விட்டு நெடுநாளாகியிருந்தது.

நாஷ்விலிலும் இதே கதைதான். 1927 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு, டெஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பினக் கலைஞர் மவுத் ஆர்கனில் ரயில் ஓடுவதை அப்படியே வானொலியில் வாசித்துக் காட்டினார். அதற்கு முன் அதே வானொலியில் மேல்தட்டு ஆபரா இசை போய்க்கொண்டிருந்தது. அதைக் கிண்டல் செய்து, இது நம்ம ஊர் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்றார் அறிவிப்பாளர். அந்தப் பெயரில்தான் நிகழ்ச்சி இன்றுவரை நடக்கிறது. பெயர் பிறந்த அன்று வாசித்த பெய்லியை 1941இல் வேலையை விட்டு நிறுத்தினார்கள். பிறகு அவர் ஷூ பாலிஷ் போடும் கடை நடத்திப் பிழைத்தார். கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2005இல், அவர் இறந்து 23 வருடம் கழித்து.

நடுவில் ஐம்பது வருடத்தைத் தாண்டிப் போகிறேன். 1980களுக்குள் ‘ஹில்பில்லி’ என்ற பெயர் கழுவித் துடைக்கப்பட்டு ‘கன்ட்ரி’ ஆகிப் பெரும் தொழிலாகியிருந்தது. தொழில் பெரிதானதும் வயசாளிகளுக்கு இடம் போனது. 1986இல் கொலம்பியா நிறுவனம் மூத்த கன்ட்ரி பாடகர் ஜானி கேஷை விட்டுவிட்டது. 1994இல் ராப், மெட்டல் தட்டுகள் தயாரித்துவந்த ரிக் ரூபின், கேஷைக் கையில் ஒரு கிதாரோடு தனியாக உட்காரவைத்துப் பதிவு செய்தார். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், கன்ட்ரி வானொலி ஏறிட்டும் பார்க்கவில்லை. அடுத்த ஆல்பம் 1998இல் கன்ட்ரி பிரிவில் கிராமி வாங்கியதும், நாஷ்வில் வானொலிகளின் ‘ஆதரவுக்கு நன்றி’ என்று ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. கூடவே கேஷ் நடுவிரலைக் காட்டும் பழைய புகைப்படம்.

இப்படி வானொலி கைவிட்டவர்கள், வானொலி ஒருபோதும் சேர்த்துக்கொள்ளாத இளைஞர்கள் என்று ஒரு கூட்டம் வெளியே நின்றுகொண்டிருந்தது. 1995 ஜனவரியில் வானொலித் துறைக்கான கேவின் என்ற பத்திரிகை, இவர்களுக்கென ஒரு வரிசைப் பட்டியலைத் தொடங்கி அதற்கு அமெரிக்கானா என்று பெயர் வைத்தது. 1999இல் அமெரிக்கானாவுக்கென ஒரு சங்கம் வந்தது. 2010இல் கிராமியில் தனி விருதும் வந்தது. கவனியுங்கள், இந்தப் பெயரையும் வைத்தது பாடகர்கள் இல்லை. எந்தத் தட்டை எந்த நிலையத்துக்கு அனுப்புவது என்று யோசித்தவர்கள்.

பெயர் வெகுஜனங்களிடம் போய்ச் சேர உதவியது ஒரு சினிமா. கோயன் சகோதரர்களின் 2000ஆம் வருடத்துப் படம் ஒன்றுக்கு இசைத் தயாரிப்பாளர் டி-போன் பர்னெட் பழைய மலைப்பாட்டுகளையும் தேவாலயப் பாட்டுகளையும் தொகுத்துக் கொடுத்தார். கன்ட்ரி வானொலி அதையும் பெரிதாகப் போடவில்லை. பாட்டுத் தொகுப்பு பல லட்சம் விற்று, 2002இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியை வாங்கியது. இரண்டு நாள் முன்புதான் 75 வயது நிறைந்திருந்த புளூகிராஸ் பாடகர் ரால்ஃப் ஸ்டான்லி, துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லாமல் மரணத்தோடு பேசும் ஒரு பாட்டைப் பாடி கிராமி வாங்கியதும் அன்றுதான்.

சரி, வானொலி இல்லாதவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? வேனில் ஏறி ஊர் ஊராகப் போய்த்தான். ஸ்ட்ரீமிங்கில் ஒரு பாட்டு ஒருமுறை ஓடினால் வருவது ஒரு சென்ட்டில் ஒரு துண்டு. நிகழ்ச்சி முடிந்ததும் வாசலில் ஒரு மேசை போட்டு, கையெழுத்திட்ட வினைல் தட்டும் டி-சட்டையும் விற்பதில்தான் பல பேருக்கு டீசல் காசு கிடைக்கிறது. அதிலும் பங்கு கேட்கிற அரங்கங்கள் உண்டு.

கேட்கும் பழக்கமும் இங்கே தனி. நாஷ்விலின் புளூபேர்ட் கஃபே 1982இல் தொடங்கியது, ஒரு கடை வரிசைக்கு நடுவில் சுமார் 90 பேர் உட்காரக்கூடிய அறை. பாட்டெழுதுகிறவர்கள் நாலு பேர் நடுவில் வட்டமாக உட்கார்ந்து மாற்றி மாற்றிப் பாடுவார்கள். பேச்சுச் சத்தம் எழுந்தால் ‘உஷ்’ என்பார்கள். சங்கீத சபையில்கூட இவ்வளவு கண்டிப்பு கிடையாது என்று தோன்றும். ரைமன் அரங்கமோ 1892இல் பிரார்த்தனைக் கூடமாகக் கட்டப்பட்டது. இன்றும் தேவாலயத்து நீள மரப்பெஞ்சுகளில்தான் உட்கார வேண்டும். முதுகு வலிக்கும், ஒலி அபாரம். அலபாமாக்காரரான பாடகர் ஜேசன் இஸ்பல் பல வருடங்கள் அக்டோபரில் அங்கே தொடர்ந்து பல இரவுகள் பாடியிருக்கிறார்.

திறந்தவெளி விழாக்களில் எனக்குப் பிடித்த கதை நியூபோர்ட்டுடையது. ரோட் ஐலண்ட் கடலோரத்தில் 1959இல் தொடங்கிய நாட்டுப்பாடல் விழா அது. மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்ற கறுப்பினப் பாடகர் 1928இல் சில தட்டுகள் பதிவு செய்தார், பிறகு காணாமல் போனார். அதாவது தட்டு உலகத்துக்குத்தான் காணாமல் போனார், அவர் பாட்டுக்குத் தன் ஊரில் பண்ணை வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1963இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் பழைய தட்டு ஒன்றில் அவர் தன் ஊர்ப் பெயர் அவலான் என்று பாடுவதைக் கேட்டார். வரைபடத்தில் தேடினார், ஊர் இருந்தது. போய்ப் பார்த்தால் ஆளும் இருந்தார். அந்தக் கோடையிலேயே ஹர்ட் நியூபோர்ட் மேடையில். மூன்று வருடம் நாடெங்கும் பாடிவிட்டு 1966இல் இறந்தார். இன்றைக்கு நியூபோர்ட்டில் யார் பாடப்போகிறார்கள் என்று அறிவிக்கும் முன்பே டிக்கெட் தீர்ந்துவிடுகிறது. 2022இல் அறிவிப்பே இல்லாமல் மூத்த பாடகி ஜோனி மிட்செல் மேடையில் வந்து உட்கார்ந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, பேச்சையும் நடையையும் மறுபடி பழகிக்கொண்டவர்.

வட கரோலினாவின் மெர்ல்ஃபெஸ்ட், பார்வையற்ற கிதார் மேதை டாக் வாட்சன் டிராக்டர் விபத்தில் இறந்த தன் மகன் நினைவாக 1988இல் தொடங்கியது. என்ன இசை வாசிக்கிறீர்கள் என்று கேட்டால் ‘மரபு, அதோடு கொஞ்சம் கூட’ என்பார் வாட்சன். அந்தக் ‘கூட’ என்பது அவர் மனசுக்குப் பிடித்த எதுவும். அமெரிக்கானாவுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை. சான் பிரான்சிஸ்கோ பூங்காவில் அக்டோபரில் நடக்கும் ஹார்ட்லி ஸ்ட்ரிக்ட்லி புளூகிராஸ் விழாவுக்கு டிக்கெட்டே இல்லை. பாஞ்சோ மேல் ஆசைப்பட்ட வாரன் ஹெல்மன் என்ற முதலீட்டாளர் தன் பணத்தில் தொடங்கியது. அவர் போன பிறகும் நடக்கிறது.

சமீபத்திய ஆல்பங்களை இந்தப் பின்னணியோடு கேட்டால் சுவை கூடும். கில்லியன் வெல்ச்சும் டேவிட் ராலிங்ஸும் 2024இல் வெளியிட்ட ஆல்பத்துக்கு ‘உட்லண்ட்’ என்று பெயர். அது அவர்களுடைய ஸ்டுடியோவின் பெயர். 2020 மார்ச்சில் சூறாவளி அதன் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபோது, இருவரும் இருட்டில் மழைநீருக்குத் தப்பவைத்து ஒலிநாடாக்களைத் தூக்கிவந்தார்கள். வெல்ச் லாஸ் ஏஞ்சலிஸில் வளர்ந்தவர், மலைப்பாட்டு பாட இவருக்கு என்ன உரிமை என்று தொடக்கத்தில் கேட்டவர்கள் உண்டு. இப்போது யாரும் கேட்பதில்லை. தெருவில் பாடிப் பிழைத்த மேற்கு வர்ஜீனியாக்காரர் சியரா ஃபெரல் 2025 பிப்ரவரியில் ஒரே நாளில் நாலு கிராமி வாங்கினார். மிச்சிகனின் பில்லி ஸ்ட்ரிங்ஸ், டிரம்ஸ் இல்லாத புளூகிராஸ் குழுவோடு விளையாட்டு அரங்கங்களை நிரப்புகிறார். சில்டர்ஸ்? 2025 ஜூலையில் வந்த அவருடைய ‘ஸ்னைப் ஹண்டர்’ ஆல்பத்தின் தயாரிப்பில் அதே ரிக் ரூபின். அதில் ஒரு பாட்டுக்கு ‘தீர்த்த யாத்திரை’ என்றே பெயர். கென்டக்கி மலைக்காரர் இந்தியாவுக்குப் புனிதப் பயணம் போக ஆசைப்பட்டுப் பாடுகிறார். இதை எந்த அலமாரியில் வைப்பீர்கள்?

அலமாரிச் சண்டை பெரிய மேடைக்கு வந்தது பியான்சேயால். 2024இல் வந்த அவருடைய கன்ட்ரி ஆல்பம் 2025 பிப்ரவரியில் சிறந்த கன்ட்ரி ஆல்பம் விருதை வாங்கியது. அந்த விருதை வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர். நாலே மாதத்தில் கிராமி அமைப்பு அந்த விருதை ‘மரபு கன்ட்ரி’, ‘தற்காலக் கன்ட்ரி’ என்று இரண்டாகப் பிரித்தது. பியான்சேயின் வெற்றிக்கும் இதற்கும் தொடர்பில்லை, ரொம்ப நாளாகப் பேசப்பட்டதுதான் என்றது அமைப்பு. இருக்கலாம். ஆனால் நூறு வருடக் கதையைப் படித்தவர்களுக்குச் சிரிப்பு வந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அந்த ஆல்பத்தின் முதல் பாட்டாக வெளியானதில் தொடக்கத்திலேயே கேட்கும் பாஞ்சோ, ரியானன் கிடன்ஸ் வாசித்தது. வட கரோலினாவில் பிறந்து ஆபரா பாடப் படித்தவர். 2005இல் கறுப்பின பாஞ்சோ கலைஞர்களின் கூட்டம் ஒன்று நடந்தபோது அங்கே ஜஸ்டின் ராபின்சன், டாம் ஃபிளெமன்ஸ் இருவரையும் சந்தித்தார். மூவரும் ஜோ தாம்ப்சன் என்ற முதியவர் வீட்டுக்கு வாராவாரம் போகத் தொடங்கினார்கள். தாம்ப்சனுக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. அலமாரியில் இடம் இல்லாததால் பதிவாகாமல் போன அந்தக் கறுப்பின ஃபிடில் மரபில், குடும்பத்தில் அப்பா வழியாக வாங்கிக்கொண்டு மிஞ்சி நின்ற வெகு சிலரில் அவர் ஒருவர். குறிப்பு எதுவும் இல்லை. அவர் வாசிப்பார், இவர்கள் கூடவே வாசிப்பார்கள், தப்பினால் மறுபடி. குருகுலம்தான். கரோலினா சாக்லெட் டிராப்ஸ் என்ற குழு அப்படிப் பிறந்து, 2011இல் கிராமியும் வாங்கியது. தாம்ப்சன் 2012இல் 93 வயதில் இறந்தார்.

2025 ஏப்ரலில் கிடன்ஸும் ராபின்சனும் மறுபடி சேர்ந்து ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள், பாஞ்சோவும் ஃபிடிலும் மட்டும். அதே மாதம் டர்ஹம் நகரில் கிடன்ஸ் நடத்திய விழாவில் பழைய குழுவும் ஒன்றுகூடி வாசித்தது. ஆல்பத்தை ஸ்டுடியோவில் பதிவு செய்யவில்லை. தாம்ப்சன் வீடு உட்பட வட கரோலினாவின் சில பழைய வீடுகளுக்குப் போய், வெளியே மரத்தடியில் மைக் வைத்தார்கள். அது 2024ஆம் வருடம். 13 வருடத்துக்கு ஒருமுறை மண்ணிலிருந்து வெளிவரும் ஒரு சில்வண்டுக் கூட்டமும் 17 வருடத்துக்கு ஒருமுறை வரும் இன்னொன்றும் 1803க்குப் பிறகு அமெரிக்காவில் ஒரே சமயத்தில் வெளிவந்திருந்தன. அவற்றின் ரீங்காரத்தை நீக்காமல் விட்டுவிட்டார்கள். ஹெட்போன் போட்டுக் கேட்டால், ஃபிடில் ஓய்கிற இடங்களில் அது மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது.